ஆறங்குலம்

அனுமதிப் பத்திரம் சுவரில் தொங்குகிறது.
பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்து
மூன்றாம் பத்தி மட்டும் மங்கிவிட்டது.
அதில்தான் இருக்கிறது:
எந்தக் காலத்திலும் எந்த நேரத்திலும்
ஆறங்குலக் குழாய் ஒன்று திறந்திருக்க வேண்டும்,
ஆற்றுக்காக.

ஆறு, ஆறங்குலம்.
சிங்களத்தில் எழுதியவருக்குத் தெரிந்திருக்காது
தமிழில் இது சிலேடையாகுமென்று.

எனக்கு இரவு ஷிப்ட்.
கெல்மூர் கீழ்ப்பிரிவுக்கு மேலே
அணைக்கட்டோரம் தகரக் கொட்டில்,
ஒரு நாற்காலி, ஒரு போன், ஒரு வால்வு.
மாசி பிறந்தால் போன் அடிக்கும்.
விதானகே ஐயா அதட்டுகிற ஆளில்லை.
"தம்பி, லெவல் குறையுதே" என்பார்.
அவ்வளவுதான்.
குழாயை மூடச் சொல்லி யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.
மூடினேன் என்று நானும் லொக் புத்தகத்தில் எழுதியதில்லை.

பதினொரு சுற்று.
சத்தம் நின்றுவிடும்,
பேசிக்கொண்டிருந்தவர்
வாசலில் யாரையோ கண்டு நிறுத்துவதுபோல.

அங்கிருந்து கீழே பவர் ஹவுஸ் வரை
ஒன்றரை கிலோமீட்டர் வெறுங்கல்.
இடுக்கில் தேங்கிய குழிகளில்
கல்லொட்டி மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று,
தீபாவளிக்கு முதல்நாள்
கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில்
நம் சனம் நிற்கிற மாதிரி.

சரணாலயத்தின் எல்லை
ஆற்றின் இடக்கரை வழியே போவதாக வர்த்தமானி.
அக்கரை காடு, அரசாங்கம்.
இக்கரை தேயிலை, கம்பனி.
நடுவில் தண்ணீர் இருந்த மட்டும்
இரண்டுக்கும் வேறு வேலி தேவைப்படவில்லை.
இப்போது அந்த எல்லை
இரும்புக் குழாய்க்குள் இறங்கி
டர்பைனில் தலைசுற்றி
கம்பியேறி ஹட்டன் பக்கம் போய்விடுகிறது.
யாரோ அதில் சட்டை அயர்ன் பண்ணுகிறார்கள்.

மரைக்கு யாரும் அறிவிக்கவில்லை.
போன புதன் விடியலில்
தண்ணீர் தேடிக் கல் கல்லாய் இறங்கியது
காடு முடிந்தது தெரியாமல்
ஒன்பதாம் நம்பர் மலைக்குள் வந்துவிட்டது.
அங்கே பன்றிக்கு வைத்த கம்பி.

முதல் ஆளாய் மலையேறிய செபமாலைதான் கண்டாள்.
கத்தவில்லையாம்.
இடுப்புப் படங்கை அவிழ்த்து
அதன் கண்களை மூடிவிட்டு
பக்கத்தில் குந்திக்கொண்டாளாம்,
ஆட்கள் வரும்வரை.
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

வனஜீவி ஆட்கள் கம்பியை வெட்டி
லொறியில் ஏற்றிப் போனார்கள்.
பின்னங்கால் மிஞ்சுமா தெரியாது.
கம்பி வைத்தது யார் என்று கேட்டார்கள்.
தெரியாதுங்க என்றாள்.
இது ஏன் இந்தப் பக்கம் வந்தது என்று கேட்டார்கள்.
ஆற்றைப் பார்த்தாள்.
பிறகு நிமிர்ந்து
என் கொட்டிலைப் பார்த்தாள்.

எக்கநாயக்க ஐயா மேலேறி வந்தபோது
குழாய் திறந்திருந்தது.
காலை ஆறு மணிக்கே போன் வந்துவிட்டது:
"தம்பி, இன்னைக்கு லெவல் பரவாயில்லையே."
குழாய் வாயில் கை நீட்டி
முகம் கழுவிக்கொண்டார்.
தண்ணி நல்ல குளிர் என்றார்.
பத்திரத்தை வாசித்தார், மங்கிய பத்தி தவிர.
ஒரு தாளில் சரி போட்டுவிட்டு
எனக்கு ஸ்துதி சொன்னார்.
எனக்கு!

நான் கல்நெஞ்சன் இல்லை.
மகன் லிசாந்தனின் டியூஷன் காசு,
சீட்டுக்காசு, மூக்குத்தி அடகு
எல்லாம் இந்த வால்வின் கழுத்தில்தான் தொங்குகின்றன.
இதைச் செபமாலையிடம் சொல்லலாம்.
அவளுக்கும் அடகு உண்டு.
அதனால்தான் சொல்லவில்லை.

இன்று இரவு பத்தேகால்.
"தம்பி, லெவல் குறையுதே."
சரிங்கய்யா.

சுற்றினேன்.
ஒன்பதில் கை நின்றது.
மீதி இரண்டு சுற்றுக்குள்
விரல் தடிப்பில் ஒரு தண்ணீர்.
லொக் புத்தகத்தை விரித்து
ஒன்பது என்று எழுதினேன்.
வேறு சொல் வரவில்லை.

டோர்ச் அடித்துப் பார்க்கிறேன்.
விடிவதற்குள் ஒன்பதாம் நம்பர் வரை
போய்ச் சேருமா, தெரியாது.
கல்லெல்லாம் காய்ந்து கிடக்கின்றன.
முதல் கல் வேண்டியமட்டும் குடித்துவிட்டுத்தான்
அடுத்ததுக்கு விடுகிறது.

போன் மறுபடி அடிக்கிறது.
எடுக்கத்தான் வேண்டும்.
அதற்குள்
இன்னொரு கல்.